746145823இன் சொந்தக்காரி

2011 பெப்ரவரி 11, வெள்ளி

வெள்ளத்தில சாய்ஞ்ச நெல்லை இண்டைக்கும் நிமித்தேலாமல் போச்சு. அரைவாசி கதிரிலேயே முளைச்சிட்டுது. சண்டை முடிஞ்சு, முகாமால பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்து செய்த முதல் பெரும்போகம் இந்தக் கோலம்.

இவர் மத்தியானம் வயலால வந்து, கால் கழுவி, சாப்பிட்டிட்டு, தகரக் கொட்டில் வாசலில கதிரையைப் போட்டுக்கொண்டு கொப்பியோட இருந்திட்டார். வகுக்கிறார். ஒரே வகுத்தல். நான் பக்கத்தில போய் நிண்டு, "முளைச்ச நெல்லை அவிக்கலாமோ?" எண்டு கேட்டன். "ம்" எண்டார். "கோழிக்குப் போடட்டோ?" அதுக்கும் "ம்". "என்னைப் பிடிச்சு அவிக்கட்டோ?" "ம்."

மகள் யதுர்சிகா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

பெப்ரவரி 13, ஞாயிறு

இந்த மனுசனை நான் கட்டினதே ஒரு நம்பராலதான். அதை ஆருக்கும் சொன்னதில்லை, வெக்கக்கேடு.

92ஆம் ஆண்டு, சோதனைச்சாவடி வரிசை. எனக்குப் பின்னால நிண்டவர். ஆமிக்காரன் என்ர அடையாள அட்டை நம்பரைச் சத்தமா வாசிச்சு எழுத, இவர் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறார். பிறகு ரெண்டு மணித்தியாலம் வெயிலுக்க காத்திருக்கேக்க, தன்ர உள்ளங்கையில பேனையால எதையோ கிறுக்கிக் கிறுக்கி, கடைசியாக் கிட்ட வந்து, "தங்கச்சி, குறை நினைக்காதேயும், உம்மட நம்பர் பதினேழுக்கு மேல போகாது" எண்டார். விசரன் எண்டுதான் நினைச்சன். அவர் விளங்கப்படுத்தினார்: 707566860. ரெண்டு, மூண்டு, ஐஞ்சு, ஏழு, பதினொண்டு, பதின்மூண்டு, பதினேழு. மேல பிரிக்கேலாத இந்த ஏழு முதன்மை எண்ணையும் திருப்பித் திருப்பிப் பெருக்கினா என்ர நம்பர் வந்திடுமாம். வேற ஒண்டும் வேண்டாமாம். அதை மிச்சமில்லாமல் வகுக்கிற எண்கள் மட்டும் 864 இருக்காம். "இப்பிடி ஒரு நம்பர் லட்சத்தில ஒண்டு" எண்டார்.

இருபத்தொரு வயசுப் பெட்டைக்கு வேற என்ன வேணும்? மயங்கிப் போனன்.

இப்ப கொப்பியில இருக்கிறது வேற நம்பர். எல்லாப் பக்கத்திலயும் தலைப்பு அதுதான்: 746145823. முகாமில இருக்கேக்கயும் இதைத்தான் வகுத்தவர். அப்ப நான், பொழுது போகட்டும் எண்டு விட்டிட்டன். இண்டைக்குக் கேட்டன், என்ன நம்பர் இது? "ஒரு பெரிய எண், வேறயொண்டுமில்லை. லேசில பிரியாது, ஈஸ்வரி" எண்டார்.

லேசில பிரியாதாம். சொல்லேக்க அந்தக் குரலில ஒரு மரியாதை! அப்ப நான் லேசாப் பிரியிறவளோ?

பெப்ரவரி 14, திங்கள்

நானும் ஓ.எல். சோதனையில கணக்குக்குத் திறமைச் சித்தி எடுத்தவள்தான் — இந்த வீட்டில அது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

மார்ச் 3, வியாழன்

எழுத்து கோணலாப் போகுது, போகட்டும்.

வீட்டுத்திட்டப் படிவம் நிரப்பிக்கொண்டு இருந்தனான். என்ர நம்பரை எழுதினன். 70, பிறந்த வருஷம். அடுத்த மூண்டும் அந்த வருஷத்தின்ர எத்தினையாவது நாளில பிறந்ததெண்டு. பொம்பிளையளெண்டா அதோட ஐந்நூறைக் கூட்டிப் போடுவாங்கள். எனக்கு 756. இதைச் சோதனைச்சாவடிகளில நிண்டு நிண்டு இந்த ஊரில குழந்தையும் சொல்லும். எழுதி முடிச்சு நிமிர்ந்தா, எதிரில இவற்ற கொப்பி திறந்து கிடக்குது.

746145823.

ஒன்பது இலக்கம். 74. பிறகு 614!

பொம்பிளை. பெரிய எண்ணாம், வேறயொண்டுமில்லையாம். ரெண்டு வருஷமா என்ர வீட்டுக்க, என்ர கண்ணுக்கு முன்னால, மடியில வச்சுக்கொண்டு இருக்கிறது ஒரு பொம்பிளையின்ர நம்பர்! எண்ணா வந்தாலும் சக்களத்தி சக்களத்திதான்.

மார்ச் 4, வெள்ளி

ஆளைப் பிடிச்சிட்டன்.

614இல ஐந்நூறு போக 114. ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 31. மொத்தம் 90. மிச்சம் 24. அப்ப ஏப்ரல் 24, 1974.

மாதர் சங்கப் பதிவேடு என்ர பொறுப்பிலதான் கிடக்குது. ஒவ்வொரு பெயரா விரல் வச்சுப் பாத்தன். பதினேழாவது பெயர்: சிவராணி, பிறந்த திகதி 1974.04.24. அடையாள அட்டை இலக்கம் எண்ட இடத்தில "தொலைந்தது" எண்டு எழுதிக் கிடக்குது. தொலைஞ்சதாம். தொலைஞ்சது எங்க இருக்குதெண்டு எனக்கெல்லோ தெரியும்.

புருஷன் விட்டிட்டுப் போனவள், பாவம் எண்டு சங்கத்துக்குச் செயலாளராக்கினதே நான். வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்ட கதை.

மார்ச் 9, புதன்

சிவராணி வீட்டு வேலி சரிஞ்சு போச்சாம். இவர் போய்க் கட்டிக் குடுத்திட்டு வந்தார். கையில ஒரு கட்டு முருங்கைக்காய்.

நான் சமைக்கேல்லை. மாட்டுக்குப் போட்டன். மாடும் தின்னேல்லை.

மார்ச் 16, புதன்

நெருப்பில்லாமல் புகையுமோ? ஆனா இவர் அவளைப் பாக்கிற பார்வையில ஒண்டுமில்லை, அதுதான் எனக்கு விளங்காமக் கிடக்குது. கொப்பியைப் பாக்கிற பார்வையிலதான் எல்லாம் இருக்குது. ஆளை விட்டிட்டு ஆளின்ர நம்பரைப் பாக்கிற ஆம்பிளையும் உலகத்தில இருக்குமோ? இவர் இருப்பார். என்னையும் அப்பிடித்தானே பாத்தவர்.

மார்ச் 22, செவ்வாய்

ஐயோ. எங்க போய் முகத்தை வைப்பன்.

பள்ளிக்கூடத்தில நடமாடும் சேவை. தொலைஞ்ச அட்டைக்கு விண்ணப்பம் எடுக்கினம். சிவராணி வரிசையில நிக்கிறாள், எனக்கு முன்னால. திரும்பிச் சிரிச்சு, "அக்கா, மணியம் அண்ணை கட்டின வேலி நல்ல இறுக்கம்" எண்டாள். அவ்வளவுதான். எனக்கு எங்கயிருந்து வந்துதோ தெரியாது. "வேலியை மட்டும்தானோ கட்டினவர்?" எண்டு தொடங்கிட்டன். பிறகு வாய் நிண்டால்தானே! "உன்ர நம்பர் என்ர வீட்டுக் கொப்பியில இருக்குதடி, 746145823, இல்லையெண்டு சொல்லு பாப்பம்" எண்டு சனம் முழுக்கக் கேக்கக் கத்தினன்.

அவள் அழேல்லை. கிராம அலுவலர், எங்கட விதானையாரின்ர மேசையில கிடந்த தன்ர விண்ணப்பத்தை எடுத்து எனக்கு முன்னால போட்டாள். அதோட குத்தியிருந்த பொலிஸ் முறைப்பாட்டில பழைய நம்பர் எழுதிக் கிடக்குது. 74. 615. ஆறு, ஒண்டு, ஐஞ்சு!

விதானையார் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு மெல்லமாச் சொன்னார்: "பிள்ளை, அட்டைக்கு பெப்ரவரி எப்பவும் இருபத்தொன்பது நாள். லீப் வருஷமோ இல்லையோ, அவங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நீர் சொல்லுற நம்பர் ஏப்ரல் 23இல பிறந்த ஆள். உம்மடதையே எண்ணிப் பாத்திருந்தா விளங்கியிருக்குமே."

வீட்டை வந்து எண்ணினன். செப்டம்பர் 12இல பிறந்த எனக்கு 255 வரவேணும். அட்டையில 256. இவ்வளவு காலமா என்ர கைப்பையில கிடந்த நம்பரை ஒருக்காலும் எண்ணிப் பாக்கேல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஒரு நாளால ஒரு பொம்பிளையை நாறடிச்சிட்டன்.

மார்ச் 23, புதன்

சிவராணி வீட்டுக்குப் போனன். படலையிலேயே நிண்டு மன்னிப்புக் கேட்டன். "வாங்கோ" எண்டு சொல்லேல்லை. "சரி அக்கா" எண்டு மட்டும் சொன்னாள். நியாயம்தான்.

அப்ப அந்த ஏப்ரல் 23காரி ஆர்?

மார்ச் 27, ஞாயிறு

அவரே சொன்னார். ஊர் முழுக்கக் கேட்டது அவருக்குக் கேக்காமல் இருக்குமோ. நாலு நாள் வயலிலேயே கிடந்திட்டு, இண்டைக்கு மாட்டுக்குத் தண்ணி வச்சுக்கொண்டு நிண்ட என்னட்ட வந்து, "இரும், சொல்லுறன்" எண்டார்.

நானும் மகளும் 2009 ஏப்ரலில வெளியில வந்திட்டம். இவர் சனத்துக்க தவறிப்போய் உள்ளுக்க நிண்டிட்டார். முள்ளிவாய்க்காலில ஒரு பங்கருக்குள்ள பதினொரு பேர், பன்ரெண்டு நாள். அதில ஒருத்தி அழகம்மா. கட்டுக்கரைக் குளத்துக்கு அங்கால, மலையகத்தில இருந்து வந்து குடியேறின கூலிக்காரச் சனத்தில ஒருத்தி. புருஷன் சின்னராசாவை விட்டுப் பிரிஞ்சு அகப்பட்டவள். அட்டை தண்ணியில போயிட்டுதாம். நம்பரும் மறந்தா தான் ஆரெண்டே இல்லாமல் போயிடும் எண்ட பயத்தில, செல் குண்டு விழ விழ அந்த நம்பரையே செபம் மாதிரிச் சொல்லிக்கொண்டு இருந்தவளாம். இவர் பயத்தைப் போக்க, "பொறும், நான் அதைப் பிரிச்சுக் காட்டுறன்" எண்டு சொல்லி மண்ணில எழுதத் தொடங்கியிருக்கிறார். இலக்கங்களைக் கூட்டினா 40, மூண்டால பிரியாது. ஏழு இல்லை. பதினொண்டு இல்லை. பதின்மூண்டும் இல்லை. அவள் மணித்தியாலத்துக்கு ஒருக்கா "ஒடஞ்சிச்சா சார்?" எண்டு கேப்பாளாம். இல்லையெண்டா சிரிப்பாளாம்.

"சிரிப்பாளோ? அந்த இடத்திலயோ?"

"ஓம். சிரிப்பா."

பன்ரெண்டாம் நாள் காலமை தண்ணிக்குப் போற முறை இவருடையது. இவர் கணக்கில இருந்தவர். "நீங்க கணக்கப் போடுங்க சார், நான் போயிட்டு வாறேன்" எண்டு போத்தலை வாங்கிக்கொண்டு போனவளாம். இருபது அடி போகேல்லை. இவரும் இன்னொருத்தருமாப் பக்கத்திலேயே கிடங்கு வெட்டித் தாட்டவை.

சொல்லி முடிச்சிட்டு நிண்டார். நான் கேட்டன், "அவளில உங்களுக்கு விருப்பமோ?" கேக்கிற கேள்வியா அது? ஆனா கேட்டன்.

பொய் சொல்லத் தெரியாத மனுசன். "தெரியேல்லை ஈஸ்வரி" எண்டார்.

இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 5, செவ்வாய்

உயிரோட இருக்கிறவள் எண்டா படலைக்குப் போய்ச் சண்டை பிடிக்கலாம். செத்தவளோட என்னத்தைச் செய்யிறது? இவருக்குப் பதிலாப் போய்ச் செத்தவள். நான் விளக்கு வச்சுக் கும்பிடவேணும் அவளை. கும்பிடுறன்தான். கும்பிட்டுக்கொண்டே எரியிறன். எனக்காகச் சாகிற அளவுக்கு ஒருத்தரும் இல்லையே எண்டதில்லை. நான் அவருக்காக அப்பிடிப் போயிருப்பனோ எண்டதுதான். சமையல், வயல், பிள்ளை எல்லாம் பாத்தன், இருபது வருஷம். அவள் ஒரு போத்தலோட இருபது அடி நடந்து எல்லாத்தையும் வெண்டிட்டாள்.

அவர் இண்டைக்கும் வகுத்தார். 14000ஐத் தாண்டிட்டார். அந்த நம்பரின்ர வர்க்கமூலம், 27315 வரைக்கும் போனாப் போதுமாம். அதுக்குப் பிறகும் பிரியாட்டி அதுவும் ஒரு முதன்மை எண். தன்னாலயும் ஒண்டாலயும் தவிர ஒருத்தராலயும் பிரிக்கேலாதது. அப்பிடி ஒரு பட்டமும் அவளுக்குக் கிடைக்கவேணுமோ?

விடமாட்டன். நான் பிரிப்பன் அவளை.

ஏப்ரல் 9, சனி

இவர் கட்டுக்கரை வாய்க்கால் கூட்டத்துக்குப் போன நேரம் கொப்பிகள் எல்லாத்தையும் எடுத்தன். ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி: முதன்மை எண், பக்கத்தில மீதி. எங்கயும் பிழை விட்டிருப்பார், பிடிப்பன் எண்டுதான் பாத்தன். ஒரு பிழையும் இல்லை. அவளுக்காகச் செய்த கணக்கில பிழை விடுவாரே!

மூண்டாவது கொப்பி, முகாமில எழுதினது.

9923, மீதி 5684.
9929, மீதி 1331.
9931,
9941, மீதி 4186.

9931க்குப் பக்கத்தில ஒண்டுமில்லை. வெறும் தாள். ஆயிரத்து இருநூறு வரிக்கு மேல இருக்குது, அதில ஒரு வரி மட்டும் வெறுமை.

மகளின்ர போனில தட்டினா ஒரு நிமிசம். தட்டேல்லை. அவர் கையால செய்ததை நானும் கையாலதான் செய்வன் எண்டு அடுப்படியில குந்தியிருந்து வகுத்தன். ஒன்பதாயிரத்துச் சொச்சத்தால வகுக்கிறதெண்டா சும்மாவே! ரெண்டு தரம் பிழைச்சுது. மூண்டாம் தரம் கடைசி வரியில 29793 வந்து நிண்டுது. 9931ஐ மூண்டால பெருக்கினன்.

29793.

மிச்சம் இல்லை. 746145823 = 9931 × 75133.

பிரிஞ்சிட்டாள்! எழும்பி நிண்டு சிரிச்சன். சோறு அடிப்பிடிச்சு மணந்தது அதுக்குப் பிறகுதான் தெரிஞ்சுது. கொஞ்ச நேரத்தாலதான் மற்றதும் மண்டையில ஓடிச்சுது — பிழை விடாத மனுசன், இதை மட்டும் எப்பிடி விட்டவர்? விடேல்லை. கண்டவர். முகாமிலேயே கண்டவர். கண்டும் எழுதாமல், அங்கால போய் வகுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஏப்ரல் 10, ஞாயிறு

கொப்பியை அவற்ற மடியில விரிச்சு வச்சன். 9931இல விரலை வச்சன். "தெரிஞ்சுதானே விட்டனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

"பிரிச்சுச் சொல்லுறன் எண்டு சொன்னனான் ஈஸ்வரி. பிரிஞ்சுது. ஆருக்குச் சொல்லுறது?"

எனக்குச் சொல்லியிருக்கலாமே! நானும் ஒரு ஆள் இந்த வீட்டில இல்லையோ! போட்டுக் கத்தினன். கொப்பியைத் தூக்கி முற்றத்தில எறிஞ்சன். மகள் ஓடிப்போய்ப் பொறுக்கினாள். அவர் எழும்பவேயில்லை.

கத்தி முடிச்ச பிறகு ஒண்டு கேட்டன். அவளின்ர புருஷனுக்குச் சொன்னனீங்களோ? தலையைக் குனிஞ்சார். ரெண்டு வருஷம். கட்டுக்கரையின்ர அந்தப் பக்கம், சைக்கிளில ஒரு மணித்தியாலம். போகேல்லை. தண்ணிக்குப் போயிருக்க வேண்டிய ஆள் நான்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு போகேல்லை.

சரி. நான் போறன். அவளுக்கு எண்டு ஒருத்தன் இருக்கிறான். அவளைக் கொண்டுபோய் அவனிட்டக் குடுத்திட்டு வாறன். என்ர வீட்டுக்க இனி அவள் வேண்டாம்.

ஏப்ரல் 19, செவ்வாய்

போயிட்டு வந்திட்டன். ஒழுங்கா எழுதவேணும், இதை மறக்கக்கூடாது.

குளக்கட்டால சைக்கிளை உருட்டிக்கொண்டு போகேக்க நல்ல வீராப்போட போனன். சின்னராசா வீடு எங்களதைப் போல ஒரு தகரக் கொட்டில். ஐம்பது வயசிருக்கும், மெலிஞ்ச மனுசன், ஆரின்ரயோ வயலில கூலி வேலைக்குப் போயிட்டு அப்பதான் வந்திருந்தார். "வாங்கம்மா, உக்காருங்க" எண்டார். நான் அழகம்மா எண்டு பெயரைச் சொன்னதுதான் தாமதம், உள்ள ஓடிப்போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். அவளின்ர அட்டையின்ர போட்டோப் பிரதி. எந்தெந்தத் தடுப்பு முகாமுக்குப் போனவர், எந்தெந்த அரசாங்கக் கந்தோரில பெயர் பதிஞ்சவர் எண்டு துண்டு துண்டாக் கடதாசி. "எங்கம்மா இருக்கா? பார்த்தீங்களா? எந்த ஊர்ல வச்சிருக்காங்க?" எண்டு கேக்கிறார். சின்ன முகம், வட்டப் பொட்டு, அந்தப் பிரதியில. வடிவெண்டும் சொல்லேலாது. கீழ நம்பர்.

சக்களத்தியைத் திருப்பிக் குடுக்க வந்தவள் நான். அந்த மனுசன் அவளை உயிரோட கேக்கிறார்.

சொன்னன். எப்பிடிச் சொன்னனெண்டு தெரியாது. இடம், நாள், தாட்டது. தண்ணி எடுக்க வேண்டியது இவர் எண்டதையும் சொன்னன். மறைக்கேல்லை. அவர் மண்ணில குந்தி, கடதாசிகளைத் திகதிப்படி அடுக்கத் தொடங்கினார். கனநேரம் அடுக்கினார்.

பிறகு தலை நிமிராமலே கேட்டார். "பன்னெண்டு நாளும் ஒங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் இருந்தாளா?"

"பதினொரு பேர் இருந்தவை" எண்டன்.

"சிரிச்சுப் பேசுவாளா?"

அந்தக் குரல்! அது எனக்குத் தெரியும். ரெண்டு மாதமா என்ர வாயில இருந்து வந்த குரல். அதுக்கு "தெரியேல்லை" எண்டு சொன்னா என்ன செய்யுமெண்டும் எனக்குத் தெரியும், அந்தச் சொல்லை நான் மூண்டு கிழமை விழுங்கிக்கொண்டு திரிஞ்சவள். வாய் தன்ர பாட்டில திறந்துது.

"ஓம். உங்களைப் பற்றிச் சொல்லித்தான் சிரிப்பாவாம். எந்த நேரமும் உங்கட கதைதானாம். இவருக்கே காது புளிச்சுப் போச்சாம்."

அப்பதான் அவர் அழுதார்.

ஏப்ரல் 20, புதன்

இவரிட்டச் சொன்னன், இப்பிடி ஒரு பொய் சொல்லிட்டன் எண்டு. "அவ புருஷனைப் பற்றிப் பெரிசாக் கதைச்சதில்லையே" எண்டார். "தெரியும். ஆனா அந்த மனுசன் வந்து கேட்டா நீங்களும் அதைத்தான் சொல்லவேணும்" எண்டன். தலையை ஆட்டினார். பாவம், பொய் சொல்ல வராது. சொதப்பப் போறார்.

மே 8, ஞாயிறு

சின்னராசா வந்தவர். காரியம் செய்து முடிச்சிட்டாராம். பலகாரம் கொண்டுவந்தார். இவரைக் கண்டதும் கையைப் பிடிச்சுக்கொண்டார். பிறகு ரெண்டு பேரும் மரத்துக்குக் கீழ இருந்திச்சினம்.

நான் அடுப்படியில தண்ணி கொதிக்க வச்சுக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நிண்டன். சொதப்பினா ஓடிப்போய்ச் சமாளிக்கலாம் எண்டு. "என்னப் பத்தி என்ன சார் சொல்லுவா?" எண்டு அந்த மனுசன் கேட்டார்.

இவர் தொடங்கினார். "'எங்க வீட்டுக்காரரு இருக்காரே சார், நாலு பானை சோறு இருந்தாலும் நான் போட்டாத்தான் திம்பாரு. தானாப் போட்டுத் தின்னா வயிறு நெறையாதாம், பாருங்களேன் கூத்த' எண்டு சொல்லுவா."

எங்கட பேச்சில இல்லை. அவளின்ர பேச்சில. இழுவை, அந்த "பாருங்களேன்" எண்டதில குரல் ஏறி இறங்கினது, எல்லாம். இருபது வருஷத்தில இந்த மனுசன் இன்னொருத்தர் மாதிரிக் கதைச்சு நான் கேட்டதில்லை.

சின்னராசா துள்ளி எழும்பினார். "அப்பிடியே அவதாங்க! அவ பேச்சேதான்! இன்னும் சொல்லுங்க சார்." கண்ணால தண்ணி ஓடுது, முகம் சிரிக்குது.

இவர் சொல்லிக்கொண்டே போனார். மடை மடையா வந்துது. தலைக்கு எண்ணெய் வைக்கேக்க என்ன சொல்லுவா, கோவம் வந்தா மூக்கை எப்பிடிச் சுழிப்பா. ஒண்டுக்கும் தடுமாறேல்லை.

இதெல்லாம் பொய்யோ? பொய்யெண்டா இவ்வளவு விபரம் எங்கயிருந்து வருது? மெய்யெண்டா எனக்கு ஏன் இதில ஒரு சொல்லும் சொல்லேல்லை?

தண்ணி கொதிச்சு வத்திப் போச்சு. திரும்ப வச்சன். ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்தி, சீனி போட்டு, கொண்டுபோய்க் குடுத்தன். சின்னராசா ஒரு வாய் குடிச்சிட்டு, "நல்லாருக்கும்மா" எண்டார். இவர் என்னை நிமிர்ந்து பாத்தார். நான் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன்.